ஈரல் பொருத்தம்

மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்கவே இல்லை. பட்டுப்புடவையும் தலைநிறையப் பூவுமாக அவள் கூடத்தின் நடுவில் வந்து நின்றபோது, ஒரு பேச்சுக்குக்கூட யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் எதிர்ச் சுவரில் ஓடிய பச்சைக் கோட்டின் மேலேயே இருந்தது. பெண் எப்படி இருந்தால் என்ன, அவளுடைய ஈரல் என்ன சொல்கிறது என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

"ஆடுதா, ஆடலையா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா.

"ஆடலைங்க. அப்படியே படுத்துக் கிடக்கு," என்றான் நன்மாறன்.

நன்மாறன் வரைவாசிப்பாளன், ஈரலின் கோட்டை, அதாவது வரையை, வாசித்துப் பொருத்தம் சொல்கிறவன். திருச்சி தில்லைநகரில் அவனுக்கு ஒரு சின்ன அலுவலகம் உண்டு. ஒரு காலத்தில் ஜாதகக் கட்டத்தை விரித்துவைத்துக்கொண்டு பொருத்தம் சொன்னவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது அவனைப் போன்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கட்டம் போய்க் கோடு வந்தது. மற்றபடி வெற்றிலைத் தட்டும் உபசாரமும் அப்படியேதான் இருந்தன.

பதினெட்டு வயதானால் எல்லாருக்கும் ஈரலுக்குள் ஒரு மணியைப் பதித்துவிடுவார்கள். அரிசி மணியளவுதான் இருக்கும். ஈரல்மணி என்று பெயர். நீரிழிவை முளையிலேயே கண்டுபிடிக்கத்தான் அது வந்தது. அதற்கு இரண்டு கண். ஒன்று, குடலிலிருந்து ஈரலுக்குள் வரும் குளுக்கோஸை அளக்கும். இன்னொன்று, ஈரலிலிருந்து வெளியே போவதை அளக்கும். கணக்குப் போட்டால், சாப்பிட்ட சர்க்கரை எவ்வளவு, ஈரல் தானாகக் காய்ச்சி இரத்தத்தில் விட்ட சர்க்கரை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடலாம். நாம் பட்டினி கிடந்தாலும் தூங்கினாலும் ஈரல் சும்மா இருப்பதில்லை, மூளைக்காகச் சர்க்கரை காய்ச்சிக்கொண்டேதான் இருக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அந்தப் பாடத்தின் ஓரத்தில் கிடந்த ஒரு வரிதான் ஊரைப் புரட்டிப்போட்டது. மனிதன் பயந்தால் ஈரலுக்கு உடனே சேதி போய்விடும். ஆள் ஓடப்போகிறான், வழிக்கு வேண்டும் என்று கட்டுச்சோறு கட்டுகிற மாதிரி, ஒரு கை சர்க்கரையை அது இரத்தத்தில் அள்ளிப் போடும். அந்தக் கணக்கைச் சுவரில் வரைகிற கோடு துள்ளும்.

முகத்தை மாற்றிக்கொள்ளலாம், குரலை மாற்றிக்கொள்ளலாம், ஈரலை என்ன செய்வது? போலீஸ்காரர்கள்தான் இதை முதலில் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள். கடைசியில் கல்யாணக்காரர்கள் வந்தார்கள். எதிரே இருப்பவரைப் பார்த்து ஈரல் துள்ளினால் உள்ளே பயம் இருக்கிறது, பயம் இருந்தால் பொய்யும் இருக்கும். துள்ளாமல் கிடந்தால் பொருத்தம். மொத்தச் சாத்திரமும் இவ்வளவுதான்.

பெண் கூடத்துக்கு வருவதற்கு முன் அடுக்களையில் கன்னத்துக்குள் ஒரு மிட்டாயை ஒதுக்கிக்கொண்டது நன்மாறனுக்குத் தெரியும். கொடுத்ததே அவன்தான். வாசலில் வைத்து மாப்பிள்ளைப் பையனுக்கும் ஒன்று கொடுத்திருந்தான். ஒருவருக்குக் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது.

அமைதி மிட்டாய் என்று அதற்குப் பெயர். வேறொன்றுமில்லை, சுத்தமான பழச்சர்க்கரை. பழத்திலும் தேனிலும் இருக்கிற அதே சரக்கு. குளுக்கோஸுக்கு அது பங்காளிதான், ஆனால் போக்கு வேறு. குளுக்கோஸ் உடம்பெல்லாம் சுற்றும். பழச்சர்க்கரையில் பெரும்பங்கு நேரே ஈரலில் போய்த்தான் இறங்கும். கொஞ்சமாகப் போனால் ஈரல் குளிர்ந்துபோய், வெளியே விடுகிற வேலையை நிறுத்திவிட்டு, இரத்தத்தில் இருக்கிற குளுக்கோஸையும் உள்ளே இழுத்து அடுக்கத் தொடங்கும். அந்த அரை மணி நேரம் புலியே எதிரில் வந்து நின்றாலும் கோடு அசையாது. மணியைச் செய்தவர்கள் அதைக் குளுக்கோஸைத் தேடத்தான் பழக்கியிருந்தார்கள். பழச்சர்க்கரை அதன் கண்ணில் படாது.

சின்னஞ்சிறுசுகள், முதல் முறை பார்க்கும்போது உடம்பு பதறத்தான் செய்யும், அதற்காக ஒரு நல்ல இடம் தட்டிப்போகலாமா என்பது நன்மாறனின் நியாயம். ஊரிலிருந்த எல்லா வாசிப்பாளர்களும் இதே நியாயத்தைத்தான் வைத்திருந்தார்கள். அதனால் எல்லாக் கல்யாணமும் ஏகப் பொருத்தமாக நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு என்னவோ, ஆடவில்லை என்று சொன்ன வாயை அவன் மூடுவதற்குள் கோடு எழுந்துவிட்டது.

துள்ளவில்லை. பால் பொங்குகிற மாதிரி மெதுவாக ஏறியது, ஏறியது இறங்கவும் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"என்ன தம்பி, ஏறுதே?"

"பசிங்கம்மா. பொண்ணு காலையிலேர்ந்து சாப்பிட்டிருக்காது."

"ரெண்டு இட்லி சாப்பிட்டாளே," என்று பெண்ணின் அப்பா அப்பாவியாகச் சொல்லித் தொலைத்தார்.

அதற்குள் பக்கத்திலிருந்த நீலக் கோடும் ஏறத் தொடங்கியது. அது மாப்பிள்ளையுடையது. இப்போது பெண் வீட்டார் முறைத்தார்கள். "உங்க பையனுக்கு எங்க பொண்ணைப் பாத்து என்ன பயம்?" என்று யாரோ கேட்டார்கள். வார்த்தை தடித்தது. காப்பி ஆறியது. இன்னொரு நல்ல நாள் பார்க்கலாம் என்று சொல்லி நன்மாறன் சுவர்த்திரையை அணைத்துவிட்டுப் படியிறங்கினான்.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. மிட்டாய் கேட்கவில்லை. ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்துப் பார்த்தான், அப்படியும் கேட்கவில்லை. ஆனால் அவனை அரித்துக்கொண்டிருந்தது தொழில் இல்லை. தெருவுக்கு வந்ததும், ஒரு நாளில் ஓராயிரம் முறை செய்வதைப் போல, மணிக்கட்டைத் திருப்பி அதில் கட்டியிருந்த சின்னத் திரையைப் பார்த்தான். அங்கே ஓடிக்கொண்டிருந்தது அவன் மனைவி அல்லியின் கோடு. அது உச்சியில் நின்றது.

கல்யாணத்தில் மாலை மாற்றிக்கொண்டதும் வரை மாற்றிக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அன்றிலிருந்து அவள் கோடு அவனுக்குத் தெரியும், அவன் கோடு அவளுக்குத் தெரியும். ஒளிவுமறைவு இல்லாத தாம்பத்தியம் என்று மேடையில் வாழ்த்திப் பேசுவார்கள். அல்லியின் கோடு பல வருடம் சாதுவாகத்தான் கிடந்தது. சித்திரைக்குப் பிறகு ஏறத் தொடங்கியது. அவன் வீட்டுக்குள் வரும்போது ஏறி நிற்கும், பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஏறி நிற்கும், தூங்கும்போதுகூட அப்படித்தான்.

அவள் என்னைக் கண்டு பயப்படுகிறாள் என்று நன்மாறன் முடிவு கட்டிவிட்டான். அடித்ததில்லை, அதட்டியதில்லை, பின் ஏன்? அதைக் கேட்கவும் வாய் வரவில்லை. ஊரார் ஈரலையெல்லாம் வாசிக்கிறவன் சொந்த மனைவியிடம் போய் எப்படிக் கேட்பான்? சிரிப்பாகச் சிரித்துவிடுவார்கள். சத்தமாகச் சிரிப்பதை விட்டான். காலையில் அவள் எழுவதற்கு முன்பே கிளம்பினான். இரவில் கூடத்திலேயே படுத்துக்கொண்டான். கோடு இறங்கவில்லை. அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போகப் பிடிக்காமல், கல்லூரியில் கூடப் படித்த ஃபர்ஹானாவைத் தேடிப் போனான். அவள் உறையூரில் ஈரல் மருத்துவர். அல்லியின் கோட்டைக் காட்டினான். அவள் அதைச் சரியாகக்கூடப் பார்க்காமல், "நீ படு," என்றாள்.

"எனக்கென்ன? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"படு மாறா."

வயிற்றின் மேல் ஒரு கருவியை வைத்துத் தேய்த்துக்கொண்டே அவள் கேட்டாள். "எத்தனை வருஷமா மிட்டாய் தின்ற?"

"எந்த மிட்டாய்?"

"நடிக்காத. உன் ஈரல் வெண்ணெய்க்கட்டி மாதிரி இருக்கு."

அவன் எழுந்து உட்கார்ந்தான். தனக்குப் பெண் பார்க்கப் போன அன்று ஒன்று போட்டுக்கொண்டது. அப்புறம் தொழிலுக்காக. வாசிப்பவனுடைய கோடே ஆடினால் யார் நம்புவார்கள்? தினமும் ஒன்று, சில நாள் இரண்டு, அப்புறம் கணக்கில்லை. சொந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை என்பது வாசிப்பாளர்களின் பழக்கம். அதனால் அவன் அதைப் பார்த்தே வருடக்கணக்காகிவிட்டது.

"கொஞ்சமா போனா ஈரல் அடங்கும், வாஸ்தவம்," என்றாள் ஃபர்ஹானா. "தினம் போனா என்ன ஆகும்னு உங்கள்ல யாராவது கேட்டீங்களா? குளுக்கோஸ் மேல மேல வந்தா ஈரல் ஒரு கட்டத்துல போதும்னு கதவைச் சாத்தும். பழச்சர்க்கரைக்கு அந்தக் கதவே கிடையாது. வர்றதையெல்லாம் உள்ள விட்டுக்கும். மிஞ்சினதைக் கொழுப்பாக்கி அங்கேயே அடுக்கிவெக்கும். கொழுத்த ஈரலுக்குக் காது கேக்காது. சர்க்கரை போதும், நிறுத்துன்னு இன்சுலின் கத்திக்கிட்டே இருக்கும். இது பாட்டுக்குக் காய்ச்சி ஊத்திக்கிட்டே இருக்கும்."

"அப்ப கோடு ஏறி நிக்கறது?"

"கொழுப்புடா. பயமும் இல்ல, மண்ணும் இல்ல. பயம் இல்லாத மாதிரி இவ்வளவு நாள் நடிச்சீங்க, இப்ப எப்பவும் பயந்துக்கிட்டே இருக்கற மாதிரி ஈரல் நடிக்குது. இந்த வாரம் மட்டும் எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா? ஒரு நீதிபதிகூட வந்துட்டுப் போனார்."

நன்மாறனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அல்லி பள்ளிக்கூட ஆசிரியை. வகுப்பறையில் ஆசிரியர்களின் கோடு நிதானமாக இருக்கிறதா என்று நிர்வாகம் பார்த்துக்கொண்டே இருக்கும். அவளும் மிட்டாய் தின்றிருப்பாள், வேறென்ன? கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டான்.

"கொழுப்பு கரைஞ்சதுக்கு அப்புறம் கோடு துள்ளினா, அது பயம்தானே?"

"அது யார் சொன்னது?" ஃபர்ஹானா கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். "புலி வந்தாலும் துள்ளும். மனசுக்குப் பிடிச்சவங்க படியேறி வந்தாலும் துள்ளும். உடம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டுக்கும் அதே கட்டுச்சோறுதான். பயம்னு பேர் வெச்சது போலீஸ்காரங்க. அதைக் கொண்டுபோய்க் கல்யாணத்துல வெச்சது நீங்க."

வீடு வரைக்கும் நடந்தே போனான். தொழிலுக்கு வந்த புதிதில், மிட்டாய் வருவதற்கு முன், லால்குடியில் ஒரு பையனுக்கும் பெண்ணுக்கும் வாசித்தது நினைவுக்கு வந்தது. ஒருவரையொருவர் பார்த்த மாத்திரத்தில் இரண்டு கோடும் சேர்ந்தாற்போல் துள்ளின. பொருத்தமே இல்லை என்று கையை விரித்துவிட்டு வந்தான். அந்தப் பெண் அவனைப் பார்த்த பார்வைக்கு இன்றுதான் அர்த்தம் தெரிந்தது. வாயடைத்துக் கிடந்த ஈரல்களாகப் பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட்டிருக்கிறோம் என்று நினைக்கையில் உடம்பு கூசியது.

கதவைத் திறந்ததும் அல்லி எழுந்து நின்றாள். அழுதிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"உக்காருங்க," என்றாள். "இன்னிக்கு நான் கேட்டுடறேன். யாரு அவ?"

"எவ?"

"பூனை மாதிரி வர்றீங்க, பூனை மாதிரி போறீங்க. கூடத்துல படுத்துக்கறீங்க. என்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. சரி, வேலைன்னு விட்டேன். ஆனா உங்க கோடு?" சுவர்த்திரையைப் போட்டுக் காட்டினாள். அவனுடைய நீலக் கோடு அவளுடைய கோட்டுக்கும் மேலே நின்றது. "மாசக்கணக்கா என்னைப் பாத்தாலே உச்சியில நிக்குது. என்னைப் பாத்து எதுக்குங்க பயம்? மறைக்கறதுக்கு ஒண்ணு இருந்தாத்தானே பயம் வரும்."

நன்மாறன் சுவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு சட்டைப் பையிலிருந்து மிட்டாய்களை எடுத்து மேசையில் கொட்டினான்.

அல்லி உள்ளே போய்த் தன் கைப்பையை எடுத்து வந்து அவளும் கொட்டினாள். அவளுடையது அவனுடையதைவிடப் பெரிய குவியலாக இருந்தது.

"பொண்ணு பாக்க வந்தீங்களே, அன்னிக்குமா?" என்று கேட்டாள்.

"அன்னிக்கும்தான். நீ?"

"நானும்தான். எங்க அத்தை வாயில திணிச்சு விட்டாங்க."

அவள்தான் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஃபர்ஹானா சொன்னதையெல்லாம் அவன் அவளுக்கு விளக்கிச் சொன்னான். மனசுக்குப் பிடித்தவரைப் பார்த்தாலும் துள்ளும் என்று கடைசியில் வாசலில் வைத்து ஃபர்ஹானா சொன்ன ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டால், நாளைக்கு அல்லியின் கோடு தன்னைப் பார்த்துத் துள்ளும்போது அது தானாகத் துள்ளியதா, சொன்னதால் துள்ளியதா என்று தெரியாமல் போய்விடும். அவனுக்கு அது சுத்தமாக, கலப்பில்லாமல் வேண்டியிருந்தது. வாசிப்பாளன் புத்தி.

இருவரும் மிட்டாயை விட்டார்கள். பழச்சாறு, ஜிலேபி, குளிர்பானம் எல்லாவற்றையும் விட்டார்கள். காவிரிக் கரையில் விடியற்காலையில் கைவீசி நடந்தார்கள். ஃபர்ஹானா அல்லியின் ஈரலையும் சோதித்துவிட்டு, கொழுப்பு கரையும், பொறுமையாக இருங்கள் என்றாள். அந்தப் பொறுமைதான் நன்மாறனிடம் இல்லை. நின்றால் மணிக்கட்டு, நடந்தால் மணிக்கட்டு. முன்பு ஏன் ஏறுகிறது என்று தவித்தவன், இப்போது சீக்கிரம் இறங்கித் தொலையாதா என்று தவித்தான். கோடு தரைக்கு வந்தால்தானே துள்ளுவது தெரியும்?

ஊரும் அவனோடு சேர்ந்து தவித்துக்கொண்டிருந்தது. ஏகப் பொருத்தமாக ஜோடி சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு நீதிமன்றப் படியேறினார்கள். அங்கே தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்தவருடைய கோடும் உச்சியில்தான் நின்றது. கோடு நிதானமாக இல்லை என்று ஒரு தலைமை ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பிய அதிகாரியின் கோட்டை யாரோ படம் பிடித்துப் போட, ஊரே சிரித்தது. உண்மையைச் சொல்ல எல்லாருக்கும் வாய் வரை வந்தது. ஆனால் சொன்னால் மிட்டாய் தின்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாசிப்பாளர் சங்கம் கூடி ஆலோசித்து, அமைதிக்கு எல்லையாக வைத்திருந்த அடிக்கோட்டைக் கொஞ்சம் மேலே தூக்கி வரைந்தது. இனி அதற்குக் கீழே இருப்பதெல்லாம் அமைதி என்று அறிவித்துவிட்டுக் காப்பி குடித்துக் கலைந்தது.

மழைக்காலம் முடிகிறபோது அல்லியின் கோடு தரையைத் தொட்டது. அவனுடையதும் அதே வாரத்தில் இறங்கியது. ஃபர்ஹானா இருவரையும் சோதித்துவிட்டு, புது ஈரல் மாதிரி இருக்கிறது, இனி என்னிடம் வராதீர்கள் என்று அனுப்பிவைத்தாள்.

அந்த வாரம் அல்லி பள்ளிப் பிள்ளைகளோடு ஏற்காட்டுக்குப் போய்விட்டாள். அவள் திரும்பி வரும் நாளில் நன்மாறன் வேண்டுமென்றே வீட்டில் இருக்கவில்லை. அவள் வந்து குளித்து ஓய்ந்து உட்கார்ந்திருக்கட்டும், நாம் பிறகு போவோம் என்று தெருத்தெருவாகச் சுற்றினான். மணிக்கட்டை மட்டும் பார்க்கவில்லை. சுவரில் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தான். நாள் கணக்கில் பிரிந்திருந்துவிட்டு வருகிற புருஷனைப் பார்க்கப்போகிறாள். துள்ளாமல் என்ன செய்யும்? ஒரு சின்னத் துள்ளல் போதும் என்று எண்ணிக்கொண்டான். இரண்டு இரண்டு படியாக ஏறினான்.

அல்லி மேசையருகே உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டீங்களா," என்றாள். முகம் மலர்ந்துதான் இருந்தது. அவனும் அவளும் ஒரே சமயத்தில் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பச்சைக் கோடு படுத்துக் கிடந்தது. அவன் பார்க்கப் பார்க்க அது அப்படியே ஓடியது. ஒரு மயிரிழைகூட அசையவில்லை. மிட்டாய் இல்லை, கொழுப்பு இல்லை. சுத்தமாக, கலப்பில்லாமல் இருந்தது.

"பாத்தீங்களா," என்று அல்லி பூரித்துப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களைப் பாத்து எனக்கு ஒரு துளி பயம் இல்ல. உண்மையான பொருத்தம்னா இதுதான், இல்லீங்களா? இப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சு."

அவள் பிடித்த கை சூடாக இருந்தது. நன்மாறனுக்கு மார்பு அடித்துக்கொண்டது. சுவரில் நீலக் கோடு தரையிலிருந்து எழும்பியது. எழும்பி, துள்ளி, மேலே மேலே போனது. அவன் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றான். அல்லி பார்த்துவிட்டாள்.

அவள் சிரிப்பு மெதுவாக அடங்கியது.

"ஏங்க," என்றாள். "கொழுப்புதான் கரைஞ்சிடுச்சே. உங்க கோடு ஏங்க துள்ளுது? என்னைப் பாத்து இன்னும் உங்களுக்கு என்ன பயம்?"

சொல்லிவிடலாம். ஃபர்ஹானா வாசலில் சொன்னதை அப்படியே சொன்னால் போதும், அவள் முகம் மறுபடி மலர்ந்துவிடும். ஆனால் அதைக் கேட்ட அடுத்த நொடி அவள் தன்னுடைய கோட்டைத் திரும்பிப் பார்ப்பாள். தனக்கு ஏன் துள்ளவில்லை என்று கேட்டுக்கொள்வாள். அதற்கு அவளிடமே பதில் இருக்குமோ இருக்காதோ. அவனுக்கு அந்தக் கேள்வியை அவள் தலையில் வைக்க மனம் வரவில்லை. தனக்கே அதைத் தாங்குகிற தெம்பு இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

"ஆமா அல்லி," என்றான். "கொஞ்சம் பயம்தான்."

"அட கடவுளே. இத்தனை வருஷமாவா?" அவள் பதறிப்போனாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள். "இனிமே நான் பாத்து நடந்துக்கறேங்க. நீங்க பயப்படாதீங்க."

அவன் கையை மெல்ல விட்டுவிட்டு, தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.